கடலடி எழும்பியதா, நகர்ந்ததா? பினாங்கை உலுக்கிய மூன்று நிலநடுக்கங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கு அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு மூன்று தேதிகள் மறக்காது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 8:58. 2005 மார்ச் 29, நள்ளிரவு தாண்டி 9 நிமிடம். 2012 ஏப்ரல் 11, புதன் மாலை 4:38. மூன்று நிலநடுக்கங்களும் சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் பிறந்தவை. அளவு முறையே 9.1, 8.6, 8.6. மூன்று முறையும் உயரமான கட்டடங்கள் மெதுவாக, நீண்ட நேரம் அசைந்தன. கடல் ஏறி வந்தது ஒரே ஒரு முறைதான், 2004-இல். அந்த ஒரு முறையில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அவர்களில் 52 பேர் பினாங்கில்.

வீட்டுக்குள் நின்றவருக்கு இந்த மூன்றுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. தெரியவும் வழியில்லை. வித்தியாசம் இருந்த இடம் கடலடி. அங்கே தரை மேலே எழும்பியதா, பக்கவாட்டில் நகர்ந்ததா, எழும்பியது என்றால் அதன் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. கடலடியின் அசைவை எப்படி அளக்கிறார்கள், அதில் என்ன சிக்கல், பினாங்குக்கு அதனால் என்ன பயன் என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. நான் பாயான் லெப்பாஸில் சென்சார்களுக்குக் கேலிபிரேஷன் செய்பவன். ஒரு கருவி காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதிப்பது என் வேலை. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

நான்கு மணி நேரம் கையில் இருந்தது

2004-இல் பிளவு திறக்கத் தொடங்கிய இடத்திலிருந்து பினாங்கு சுமார் 550 கிலோமீட்டர். அங்கே தொடங்கிய பிளவு நிக்கோபார், அந்தமான் வழியாக வடக்கே ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்க 8 முதல் 10 நிமிடம் பிடித்தது.

ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நம் நேரப்படி காலை 9:14-க்கு முதல் அறிவிப்பை வெளியிட்டது. அதில் சொன்ன அளவு 8.0. 10:04-க்கு அதை 8.5 என்று உயர்த்தியது. 9-ஐ ஒட்டிய மதிப்பு கணக்கிட்டு வருவதற்கு மேலும் சில மணி நேரம் ஆனது. 8.0-க்கும் 9.1-க்கும் இடையே வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 45 மடங்கு வித்தியாசம். கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. தொலைவில் தரையில் இருக்கும் கருவிக்கு முதல் சில நிமிட அலைகள்தான் முதலில் கிடைக்கும். பத்து நிமிடம் உடைந்துகொண்டே போகும் பிளவின் முழு நீளம் அந்த முதல் அலைகளில் தெரியாது.

அலை பினாங்கை அடைந்தது மதியம் ஒரு மணிக்குப் பிறகு. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அலை, 50 மீட்டர் ஆழமுள்ள நீரிணைக்குள் வந்ததும் மணிக்கு 80 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் நமக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. பத்து பெரிங்கியிலும் பாலிக் புலாவ் பக்கக் கடற்கரைகளிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், தண்ணீரில் இறங்கிய பிள்ளைகள். அந்த நான்கு மணி நேரத்தில் இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து ஒரு எண்கூட யாருக்கும் வந்து சேரவில்லை. சேர்வதற்கு அங்கே கருவி இல்லை. கடலடி அழுத்தத்தை அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்பும் அமெரிக்க மிதவைகள் அப்போது ஆறு இருந்தன. ஆறும் பசிபிக்கில்.

இருபது ஆண்டு கடந்தும் இந்த ஒரு விஷயத்தை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. நேரம் இருந்தது. அளவீடு இல்லை.

2005-உம் 2012-உம் ஏன் வேறு

நியாஸ் தீவை நொறுக்கிய 2005 நிலநடுக்கம், 2004-ஐப் போலவே புவி மேலோட்டின் ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் நழுவியதால் வந்தது. தரை மேலே எழும்பவும் செய்தது. ஆனால் எழும்பிய பகுதியில் நியாஸ், சிமெலூ தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும்தான் பெரும்பங்கு. மேலே தூக்க அங்கே தண்ணீர் அதிகம் இல்லை. சுனாமி சிறியதாகவே இருந்தது. நியாஸில் உயிர்களைப் பறித்தது இடிந்து விழுந்த கட்டடங்கள்.

2012 வேறு வகை. சுமத்ரா அகழிக்கு அப்பால், தட்டின் உள்ளேயே, பாறை பக்கவாட்டில் உரசி நகர்ந்தது. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நகர்வு நிலநடுக்கங்களில் இதைவிடப் பெரியது இல்லை. அப்படி இருந்தும் தண்ணீரை மேலே தள்ளும் செங்குத்து அசைவு அதில் குறைவு.

அன்று மாலை ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில் பாதிக் கட்டடம் கூடி நின்றது. எட்டாவது மாடி அக்கா ஒருவர் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, அன்னிக்கு ஆடின மாதிரியேதான் இன்னிக்கும் ஆடுச்சு. தண்ணி வருமா வராதா, அத மட்டும் சொல்லு."

"கடலுக்கு அடியில தரை மேல வந்துச்சா, பக்கத்துல நகந்துச்சான்னு தெரியணும் அக்கா. அது தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

"அத யாரு பாக்குறா?"

2012-இல் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலாவது இருந்தது. உலகெங்கும் தரையில் உள்ள நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து, நகர்வு எந்த வகை என்று விரைவாகவே கணக்கிட்டார்கள். 2006 டிசம்பரில் தாய்லாந்துக்காக இந்தியப் பெருங்கடலில் இறக்கிய மிதவை இருந்தது. ஹைதராபாத்தில் 2007-இலிருந்து இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கியது. நம் நாட்டிலும் வானிலை ஆய்வுத் துறையின் கீழ் தேசிய நிலநடுக்க, சுனாமி எச்சரிக்கை மையம் வந்திருந்தது. சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

மீதிப் பாதிப் பதில் இன்னும் கடலடியிலேயே கிடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஜப்பானுக்குப் போக வேண்டும்.

காமாஇஷிக்கு அப்பால், 2011 மார்ச் 11

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆய்வு நிறுவனம் 1996-இல் ஜப்பானின் வடகிழக்கே காமாஇஷி ஊரிலிருந்து கடலுக்குள் ஒரு கேபிள் போட்டது. அதில் மூன்று அதிர்வுமானிகளும் இரண்டு அழுத்தமானிகளும் கோக்கப்பட்டிருந்தன. ஓர் அழுத்தமானி கரையிலிருந்து 76 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 1,600 மீட்டர் ஆழத்தில். இன்னொன்று 47 கிலோமீட்டரில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2:46-க்கு, 9-ஐத் தொட்ட அந்தப் பெரும் நிலநடுக்கம் வந்தது. மூன்றே நிமிடத்தில், 2:49-க்கு, ஜப்பான் வானிலை முகமை எச்சரிக்கை கொடுத்துவிட்டது. வியக்க வைக்கும் வேகம் அது. ஆனால் அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையாக இருந்த அளவு 7.9. அதை வைத்து மியாகிக்கு 6 மீட்டர், இவாதேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் அலை என்றார்கள். கரைக்கு அப்பால் மிதந்த ஜிபிஎஸ் மிதவைகளின் உயரத்தைப் பார்த்த பிறகு, 3:14-க்குத்தான் மியாகிக்கு 10 மீட்டருக்கு மேல் என்று உயர்த்தினார்கள். மூன்று மீட்டர் என்று கேட்டு, தடுப்புச் சுவர் போதும் என்று நினைத்தவர்களுக்கு நடுவில் போன அந்த 25 நிமிடம் எவ்வளவு பெரியது!

காமாஇஷி கேபிளில் தெரிந்தது என்ன? தொலைவில் இருந்த அழுத்தமானியின் கோட்டில் முதலில் குலுக்கலின் கிறுக்கல். பிறகு கடல் மட்டம் நிதானமாக 2 மீட்டர் உயர்கிறது. அது அத்தோடு இறங்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு 3 மீட்டர், இரண்டு நிமிடத்துக்குள், செங்குத்தாக ஏறுகிறது. மொத்தம் 5 மீட்டர். கரைப்பக்கம் இருந்த இரண்டாவது மானியிலும் சில நிமிடங்கள் கழித்து அதே இரட்டைப் படி. ஆழக்கடலில் ஐந்து மீட்டர் என்றால் கரையில் அது எங்கே போய் நிற்கும் என்பது இந்தத் துறையினருக்குப் பார்த்ததும் புரியும்.

அந்த இரண்டு படிகளில்தான் நிலநடுக்கத்தின் உடற்கூறு இருந்தது. நிதானமான 2 மீட்டர், ஆழத்தில் அகலமாக நழுவிய பகுதியிலிருந்து. கூர்மையான 3 மீட்டர், அகழியை ஒட்டிய ஆழமற்ற விளிம்பு பெரும் தூரம் சறுக்கியதிலிருந்து. அந்த விளிம்பு கரையிலிருந்து வெகுதொலைவு. தரையில் இருந்த கருவிகளுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. கரையில் ஓஷிகா தீபகற்பம் நகர்ந்தது 5 மீட்டர் சொச்சம். கடலடியில் கப்பலின் ஜிபிஎஸ்ஸையும் ஒலி அலையையும் இணைத்து அளந்த ஓரிடம் 24 மீட்டர் நகர்ந்திருந்தது. தரையை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் எதைத் தவறவிடுவோம் என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

ஏறக்குறைய அரை மணி நேரத்தில் அந்தப் பதிவு நின்றுபோனது. கடலடிக் கருவிகள் பழுதாகவில்லை. கேபிள் கரையேறும் நிலையத்தை சுனாமியே அழித்துவிட்டது.

கருவியின் கஷ்டம்

இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. கடலடியில் ஒரு சென்சாரைப் போட்டுவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

முதலில் முடுக்கமானி. அது அளப்பது முடுக்கம், அதாவது வேகம் மாறும் விகிதம். தரை எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த எண்ணை இரண்டு முறை தொகையிட வேண்டும், அதாவது நேரம் நகர நகரக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கருவி குலுக்கலில் கொஞ்சம் சாய்ந்துவிட்டால், புவியீர்ப்பின் ஒரு துளி கிடைமட்ட முடுக்கமாக உள்ளே புகுந்துவிடும். எவ்வளவு துளி? ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்வு என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத சாய்வு. புகும் பொய் முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 0.017 மீட்டர். இதை 60 விநாடிக்கு இரண்டு முறை தொகையிட்டால் 30 மீட்டருக்கு மேல் வரும். தரை அசையாமல் இருந்தாலும் கருவி 30 மீட்டர் நகர்ந்ததாகக் கணக்குக் காட்டும். செங்குத்து அச்சில் இந்தத் தொல்லை வெகு குறைவு. சுனாமிக்குத் தேவையானதும் செங்குத்து அசைவுதான் என்பது நம் அதிர்ஷ்டம்.

இந்தச் சாய்வு காகிதக் கணக்கு மட்டும் இல்லை. கடலடி பெரும்பாலும் மென்மையான சேறு. ஜப்பானின் கேபிள் நிலையங்களில் கருவி ஓர் உருளைக்குள் இருக்கும். வலுவான குலுக்கலில் அந்த உருளை சேற்றின் மேல் லேசாக உருண்டு திரும்பியது பதிவுகளிலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஜப்பானின் தெற்கே நான்காய் அகழியை ஒட்டிப் போட்ட டோநெட் கடலடி வலையமைப்பில், இயந்திரக் கையால் சேற்றில் குழி எடுத்து அதிர்வுமானியைப் புதைத்தார்கள். செலவு எகிறும். ஆனால் தரவு சுத்தமாக வரும். என்னைக் கேட்டால் புதைப்பதற்குத்தான் என் ஓட்டு.

கேபிள் இல்லாமல் கப்பலிலிருந்து இறக்கிவிடும் அதிர்வுமானிகளும் உண்டு. 2005 தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வுக் கப்பல் ஒன்று சுமத்ராவுக்கு அப்பால் பின்னதிர்வுகளைப் பதிவு செய்ய அப்படித்தான் இறக்கியது. எடைக்கல்லோடு கீழே போய், மாதக்கணக்கில் பதிவு செய்து, மேலிருந்து ஒலிக் கட்டளை வந்ததும் எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வரும். தண்ணீருக்குள் ஜிபிஎஸ் எட்டாது. ஆகவே உள்ளே இருக்கும் கடிகாரம் தன்னிச்சையாக ஓடும். நாளுக்கு 2 மில்லிவிநாடி பிசகினாலும் ஓராண்டில் முக்கால் விநாடி ஆகிவிடும். பாறையில் அலை விநாடிக்கு 6 கிலோமீட்டர் போகிறது என்றால், அந்தப் பிசகு நான்கு கிலோமீட்டருக்கு மேல் இடத்தைத் தள்ளிக் காட்டும். போடும்போதும் எடுக்கும்போதும் கடிகாரத்தைச் சரிபார்த்து இதைத் திருத்துகிறார்கள். ஆராய்ச்சிக்கு இவை அருமையான கருவிகள். எச்சரிக்கைக்கு உதவாது, ஏனென்றால் தரவு கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அடுத்தது அழுத்தமானி. பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். தலைக்கு மேல் உள்ள தண்ணீரின் எடையை அது அளக்கிறது. ஆறு கிலோமீட்டர் ஆழத்திலும் மில்லிமீட்டர் அளவு மாற்றத்தைப் பிடிக்கும் குவார்ட்ஸ் மானிகள் உள்ளன. பிறகு என்ன குறை?

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவர், குடத்தைத் தலையில் வைத்தபடி லிஃப்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் வெடுக்கென்று கிளம்பும்போது குடம் தலையை அழுத்தும். சீராக மேலே போகும்போது குடத்தின் கனம் பழையபடிதான். பத்து மாடி ஏறியதைத் தலை உணராது.

கடலடி அழுத்தமானிக்கு இரண்டும் நடக்கிறது. தரை குலுங்கும்போது மேலே உள்ள மொத்த நீரும் சேர்ந்து அழுத்துகிறது. 4,000 மீட்டர் ஆழத்தில், மெதுவான அசைவில் விநாடி வர்க்கத்துக்கு வெறும் ஒரு சென்டிமீட்டர் முடுக்கம் இருந்தாலே, 4 மீட்டர் தண்ணீர் கூடியதுபோல மானி காட்டும். அது அலையே இல்லை. மறுபுறம், தரை நிரந்தரமாக 3 மீட்டர் எழும்பினால், மேலே உள்ள தண்ணீரும் கூடவே எழும்புகிறது. நீர்ப்படலத்தின் கனம் மாறவில்லை. சுனாமி பிறந்த அந்தக் கணத்தில், சரியாக அதற்கு அடியில் இருக்கும் மானி எதுவும் நடக்காததுபோல இருக்கும்! எழும்பிய நீர் நாலாபுறமும் ஓடிய பிறகுதான் மானியில் அழுத்தம் குறையும். அப்போது அது அலை.

அதனால் ஒரே இடத்தில் முடுக்கமானியும் அழுத்தமானியும் ஜோடியாக இருக்க வேண்டும். முடுக்கமானி குலுக்கலைச் சொல்லும். அதை வைத்து அழுத்தப் பதிவிலிருந்து பொய் அழுத்தத்தைக் கழிக்கலாம். அழுத்தம் கடைசியில் எங்கே போய் நிலைக்கிறது என்பதிலிருந்து தரை எவ்வளவு எழும்பியது என்று தெரியும். அது தெரிந்தால், முடுக்கமானியின் இரட்டைத் தொகையீட்டில் எவ்வளவு பிசகு புகுந்தது என்றும் பிடிக்கலாம். ஒன்று மற்றொன்றைக் கேலிபிரேட் செய்கிறது. 2011-க்குப் பிறகு ஜப்பான் வடகிழக்குக் கடலில் போட்ட எஸ்-நெட் இந்த வடிவம்தான். 150 நிலையங்கள், சுமார் 5,500 கிலோமீட்டர் கேபிள், போசோ தீபகற்பத்திலிருந்து ஹொக்கைடோ வரை. ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு வகை மானிகளும் இருக்கின்றன.

நம் பக்கம்

எஸ்-நெட் போன்ற ஒன்றை அந்தமான் கடலில் போடச் சொல்லவில்லை. அந்தச் செலவை இப்பகுதி நாடுகள் ஏற்கப் போவதில்லை. மிதவைகளை மட்டும் நம்பவும் முடியாது. மீன்பிடிப் படகுகள் கட்டும், இடிக்கும், பாகங்கள் காணாமல் போகும், பராமரிப்புக் கப்பல் போவது தள்ளிப்போகும். 2018-இல் பாலுவில் சுனாமி வந்தபோது இந்தோனேசியாவின் மிதவை வலையமைப்பு ஏற்கெனவே செயலிழந்து கிடந்தது.

ஆனால் பினாங்கில் கேபிள் ஏற்கெனவே கரையேறுகிறது. பே ஆஃப் பெங்கால் கேட்வே கேபிள் பினாங்கையும் சென்னையையும் இணைக்கிறது. சென்னையில் இருக்கும் அண்ணன் குடும்பத்தோடு நாம் வீடியோவில் பேசும் தரவு போகும் பாதைகளில் அதுவும் ஒன்று. நீரிணையை விட்டு வெளியேறி, 2004-இல் பிளவு ஓடிய பகுதியைக் கடந்துதான் இப்படியான கேபிள்கள் மேற்கே போக வேண்டும். கடலடிக் கேபிளில் ஒளியைப் பெருக்குவதற்காகச் சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் இருக்கும். அதற்கு மின்சாரம் கேபிளிலேயே போகிறது. அந்த ரிப்பீட்டரோடு முடுக்கமானி, அழுத்தமானி, வெப்பமானி மூன்றையும் சேர்த்துவிட்டால் தொலைத்தொடர்பு கேபிளே அளவீட்டு நிலையமாகிவிடும். ஸ்மார்ட் கேபிள் என்று இதைச் சொல்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் மூன்று அமைப்புகள் 2012-இலிருந்து கூட்டாக இதற்கு வேலை செய்கின்றன. போர்ச்சுகல் தன் நிலப்பரப்பையும் அசோர்ஸ், மதேரா தீவுகளையும் இணைக்கும் புதிய கேபிளை இந்த முறையில் திட்டமிட்டிருக்கிறது.

இன்னொரு வழி, சென்சாரே சேர்க்காமல் கண்ணாடி இழையில் போகும் ஒளியையே கவனிப்பது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சிலிக்குப் போகும் கூகிள் கேபிளில், ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) மாறுவதை வைத்து நிலநடுக்கங்களைக் கண்டறிந்ததாக 2021-இல் ஆய்வு வெளியானது. அற்புதமான வேலைதான். ஆனால் அந்த முறை நீண்ட கேபிள் முழுவதன் அசைவையும் சேர்த்தே காட்டுகிறது. எட்டாவது மாடி அக்கா கேட்ட கேள்விக்கு, எந்த இடத்தில் தரை எத்தனை மீட்டர் எழும்பியது என்ற எண் வேண்டும். அதற்கு ஜோடி மானிக்கு மாற்றாக எதையும் இப்போதைக்கு நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். பினாங்கில் இனி கரையேறப் போகும் எந்தப் புதிய கேபிளுக்கும் அனுமதி கொடுக்கும்போதே, சுமத்ராவின் வடமுனைக்கு மேற்கே ஆழக்கடலில் இருக்கும் ரிப்பீட்டர்களில் இந்த மூன்று சென்சார்களையும் நிபந்தனையாக்க வேண்டும். ஏற்கெனவே கிடக்கும் கேபிளில் பிறகு சேர்ப்பது நடக்காத காரியம். ரிப்பீட்டர் செய்யும்போதே சேர்த்தாக வேண்டும். நீரிணைக்குள் இருக்கும் ரிப்பீட்டர்களில் போடுவதால் பயன் குறைவு. அங்கே கப்பல் போக்குவரத்தின் இரைச்சல், இழுவலைகளின் தொல்லை. அலை அங்கே வந்து சேர்வதற்குள் நேரமும் போய்விடும். மேற்கே, ஆழத்தில், பிளவுக்கு மேலேயே இருந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் எண் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள வானிலைத் துறைக்கு வந்துவிடும். நீரிணையின் ஆழமின்மை கொடுக்கும் மீதி நான்கு மணி நேரத்தில் பத்து பெரிங்கியிலிருந்து கோலா மூடா வரை கடற்கரைகளைக் காலி செய்யலாம்.

கரையேறும் நிலையத்தையும் உயரமான இடத்தில் கட்டச் சொல்ல வேண்டும். காமாஇஷியின் பதிவு அரை மணி நேரத்தில் நின்றது, சுனாமி அந்த நிலையத்தை அழித்ததால்தான்.